சென்னையை விட்டுக் கிளம்பினால் திருச்சியா, மதுரையா?

தம்பி போன பொங்கலுக்கு வந்திருந்தான். கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டான்: "அக்கா, நீ ரெண்டு ஊர்லயும் குடித்தனம் பண்ணியிருக்க. நாங்க சென்னையைக் காலி பண்ணிட்டு வந்தா எங்க வரலாம்? திருச்சியா, மதுரையா?"

நான் யோசிக்காமல் "திருச்சிக்கு வாங்கடா" என்று சொல்லிவிட்டேன். ஏழு வருடமாக இங்கே இருக்கிறேன். அவனும் பக்கத்தில் வந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசைதான் அப்படிச் சொல்ல வைத்தது. அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்த பிறகு மனது உறுத்தியது. ஒரு குடும்பம் அடுத்த பத்து வருடத்தை எங்கே கழிப்பது என்று கேட்கிறது. அதற்கு என் ஆசையைப் பதிலாகத் தரக் கூடாது. அதனால் இரண்டு ஊர்களையும் நிதானமாக நினைத்துப் பார்த்து எழுதினேன். அவனைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே தருகிறேன்.

முதலில் அவர்கள் நிலைமை. பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு, 24,000 ரூபாய், பராமரிப்புக் கட்டணம் தனி. மாதத்தில் இரண்டு மூன்று நாள் அலுவலகத்துக்கு வந்தால் போதும் என்று அவன் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மகள் ஆறாம் வகுப்பு. அப்புறம் எங்கள் அம்மா. 69 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. லிப்ட் இருக்கிறது, ஆனால் கீழே இறங்கி எங்கே போவது? வாசலில் ஆறு வழிச் சாலை. மாதக்கணக்கில் அம்மா பார்க்கிற உலகம் பால்கனியில் தெரிகிற அளவுதான்.

நான் மதுரையில் நான்கு வருடம், திருச்சியில் ஏழு வருடம் இருந்ததில் எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஊரைப் பற்றி முடிவெடுக்கும்போது எல்லோரும் சம்பாதிக்கிறவரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அவர் காலையில் போய் இரவில் வருகிறவர், அல்லது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன் இருக்கிறவர். நாள் முழுக்க அந்த ஊரில் வாழ்கிறவர் வீட்டில் இருப்பவர்தான். அவருக்கு எந்த ஊர் சரி என்று பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கு அது தாங்குமா என்று பார்ப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

சென்னையிலேயே இருந்துவிட்டால்?

அதையும் ஒரு வழியாக வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். தம்பி மனைவி இப்போது வாங்குகிற சம்பளம் இந்த இரண்டு ஊரிலும் கிடைக்காது. நல்ல பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சென்னை அளவுக்குச் சம்பளம் எதிர்பார்க்க முடியாது. தம்பிக்கு நாளைக்கே வேலை போனால் சென்னையில் பத்து கம்பெனிக் கதவைத் தட்டலாம். மதுரையில் இலந்தைகுளம், வடபழஞ்சி பக்கம் ஐ.டி. பூங்காக்கள் உண்டு, திருச்சியில் நவல்பட்டில் உண்டு. இருந்தாலும் தட்டுவதற்குக் கதவுகள் குறைவு. இதை மறைத்துவிட்டு "ஊருக்கு வா, நிம்மதியா இருக்கலாம்" என்று யாரையும் கூப்பிடக் கூடாது.

ஆனால் அவர்கள் சென்னையில் இழந்துகொண்டிருப்பதையும் பார்க்கிறேன். பள்ளிக்குப் போகவர மனைவிக்கு மட்டும் தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கோடையில் தண்ணீர் லாரி. போன வருடம் ஒரு ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சு அடைப்பது போல இருக்கிறது என்று கிளம்பியவர்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தொட 50 நிமிடம் ஆயிற்று. வாயுத் தொல்லைதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த 50 நிமிடத்தில் தம்பி என்னோடு போனில் பேசிக்கொண்டே வந்தான். அவன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. காலி பண்ணலாம் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் முளைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு பெரிய ஊர் இவை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சியில் 10 லட்சத்துக்குச் சற்று மேல், திருச்சி மாநகராட்சியில் 8.47 லட்சம் பேர். அதற்குப் பிறகு இரண்டும் பெருத்துவிட்டன. சென்னைக்காரர்களுக்கு இரண்டும் சின்ன ஊராகத் தெரியும், எங்கள் சொந்த ஊரான மானாமதுரையிலிருந்து பார்த்தால் இரண்டும் பட்டணம். இந்த அளவில் இருக்கிற ஊரின் நாள் எப்படிப் போகும் என்பதை இப்படிச் சொல்லலாம்: காலையில் ஒரு வேலை, மத்தியானம் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை என்று ஊரின் மூன்று மூலைக்கும் போய்விட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க முடியும். சென்னையில் அவற்றில் ஒன்றுதான் நடக்கும். அதே சமயம், இங்கே ஒரு பொருள் ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்த கடையிலும் பெரும்பாலும் இருக்காது. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு இரண்டு மூன்று டாக்டர்கள்தான், அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

திருச்சியில் ஒரு நாள்

திருச்சியின் பெரிய பலம் தண்ணீர். இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், வீட்டில் இருக்கிற பெண்களின் நாளைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்புக்கு வந்து காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிந்து ஊரைத் தாண்டுகிறது. கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும், வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு "ஐயோ, தண்ணியே இல்லையே" என்பார்கள். ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஈரம் நிற்கிறது. கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுக்குள் இறக்கியிருக்கும் பெரிய கிணறுகள் அதைத்தான் இழுத்து ஊருக்கு அனுப்புகின்றன. கே.கே. நகரில் என் வீட்டில் இந்த ஏழு வருடத்தில் குடிதண்ணீருக்காக லாரிக்குப் போன் செய்தது இல்லை. காவிரித் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே தனி. மதுரையில் உப்புத் தண்ணீரில் நான்கு வருடம் துணி துவைத்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

ஊரின் அமைப்பும் எளிது. எங்கே நின்றாலும் எங்காவது ஓரிடத்தில் மலைக்கோட்டை தெரியும், திசை தப்பாது. மத்தியப் பேருந்து நிலையத்தில் 1-ஆம் நம்பர் பஸ் ஏறினால் சத்திரம், மாம்பழச்சாலை வழியாக ஸ்ரீரங்கத்தில் இறங்கலாம். ஒன்றை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் என் வயதுப் பெண்கள் பலர் இப்போது ஆட்டோவை மறந்தே விட்டார்கள். ஆட்டோவில் மீட்டர் என்பது இரண்டு ஊரிலுமே பேச்சுக்குத்தான், ஏறும்முன் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

காய்கறிக்குக் காந்தி மார்க்கெட், துணிக்கு என்.எஸ்.பி. ரோடு, நகைக்குச் சின்னக்கடை வீதி, டாக்டருக்குத் தில்லைநகர். தில்லைநகரில் கிராஸ் கிராஸாகப் பிரிகிற தெருக்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு கிளினிக், ஒரு லேப், ஒரு மருந்துக் கடை. அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு மூச்சு வாங்கியது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் பன்னிரண்டு நிமிடம். சென்னையின் அந்த 50 நிமிடத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். நோய் முற்றிய நிலையில் சென்னைக்கோ மதுரைக்கோ எழுதிக் கொடுக்கிற நேரமும் உண்டு. ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குத் திருச்சியின் தூரங்கள் பெரிய வரம்.

அடுத்த பலம் போக்குவரத்து. தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர், திண்டுக்கல், விருத்தாசலம் என்று ஐந்து பக்கமும் ரயில் பிரிகிறது. தஞ்சாவூர் ஒரு மணி நேரம், மதுரை இரண்டரை மணி நேரம். ஒரு சாவுச் செய்தி வந்தால், எந்தப் பக்கம் என்றாலும் போய்த் தலையைக் காட்டிவிட்டு ராத்திரிக்குள் திரும்பலாம். வந்தே பாரத்தில் எழும்பூருக்கு நான்கு மணி நேரம், இரவில் கிளம்ப மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மாதம் இரண்டு மூன்று முறை சென்னைக்குப் போக வேண்டிய தம்பிக்கு இது சின்ன விஷயம் இல்லை. பஸ் என்றால் இப்போது கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள், அங்கிருந்து அலுவலகம் போக இன்னொரு பயணம். இந்தப் பக்கமும் 2025-லிருந்து வெளியூர் பஸ்களைப் பஞ்சப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் ரயில் கணக்கையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்களுக்குத் திருச்சியை விட்டால் வேறு யோசனையே வேண்டாம். விமான நிலையத்தின் புது முனையம் 2024-இல் திறந்தது, ஊருக்குள்ளிருந்து இருபது நிமிடம்.

குறைகள்? பாலம். ஸ்ரீரங்கத்தையும் ஊரையும் சேர்ப்பது காவிரிப் பாலம்தான். 1976-இல் கட்டிய அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 செப்டம்பரில் மூடினார்கள், 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த அரை வருடமும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு ஊரைச் சுற்றிப் போனார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் வீடு என்று வைத்துக்கொள்கிறவர்கள் இதை யோசித்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மழையைப் பற்றியும் ஒன்று. 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி ஊரின் மேற்குப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் "2005-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள்.

இன்னொரு குறை, இரவு. திருச்சி பத்து மணிக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொள்கிற ஊர். பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை, ரயில்வே, கல்லூரிகள் என்று மாதச் சம்பளக்காரர்கள் வளர்த்த ஊர் இது. பொன்மலைப் பணிமனையில் சங்கு ஊதினால் எழுந்து, வேலை விட்டால் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்துப் பழகியவர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

மதுரையில் ஒரு நாள்

தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சல் மருந்து தேடி என் கணவர் கிளம்பினால், மருந்தோடு சேர்த்துச் சூடான இட்லியும் நாலு சட்னியும் வாங்கிக்கொண்டு வருவார். ராத்திரி வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற ஊரில் ஒரு பெண்ணுக்கு வருகிற தைரியம் தனி. வெளியூரிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினாலும் டீக்கடை திறந்திருக்கும், பூ கட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார்.

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரில் வீதிகள், வெளிப்புறத்தில் வெளி வீதிகள். கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகள், தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக் கடைகள், விளக்குத்தூண் பக்கம் துணி. ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனையும் நடந்தே வாங்கிவிடலாம். விலை பேசுவதும் ஒரு உறவுதான் அங்கே. "வாங்கக்கா, அங்கிட்டுப் பாத்துட்டு இங்கிட்டு வாங்க" என்று கூப்பிடுகிறவர் நீங்கள் வாங்காமல் போனாலும் கோபப்பட மாட்டார். இரண்டாவது முறை போனால் பேர் சொல்லிக் கேட்பார், மூன்றாவது முறை பிள்ளை எந்தப் பள்ளி என்று கேட்பார். திருச்சியில் ஒரே மளிகைக் கடையில் ஏழு வருடமாக வாங்குகிறேன், மரியாதையாக "வாங்க மேடம்" என்பதோடு சரி. அம்மா மாதிரி பேச்சுத் துணை தேடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மருந்து மாத்திரையைவிட முக்கியம்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் மதுரை ஒரு படி மேலே. தென்மாவட்டங்கள் முழுக்க அரசு ராஜாஜி மருத்துவமனையை நம்பித்தான் வருகின்றன. கண்ணுக்கு அரவிந்த். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய இடம் அது. என் மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தது அங்கேதான். எத்தனை கூட்டம் இருந்தாலும் அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வயதானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

மகளுக்கு என்று பார்த்தால், 2023-இல் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் விட்டுவிட்டு மத்தியானம் கூட்டி வரலாம். பக்கத்தில் கீழடி, கொஞ்சம் தள்ளி அழகர் மலை. கல்லூரிக் காலத்துக்கு அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் என்று பழைய கல்லூரிகள் இருக்கின்றன. இந்த ஒன்றில் திருச்சியும் குறைந்ததில்லை. செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, துவாக்குடியில் என்.ஐ.டி. என்று வரிசை நீளம். படிப்பை வைத்து இந்த இரண்டு ஊரையும் பிரிக்க முடியாது.

மதுரையின் பெரிய குறை தண்ணீர். வைகை ஊருக்கு நடுவில் ஓடுகிறது என்று படத்தில்தான் தெரியும், வருடத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும். குடிதண்ணீர் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வைகை அணையிலிருந்து வர வேண்டும். அந்த அணைக்கோ முல்லைப் பெரியாற்றிலிருந்து வர வேண்டும். லோயர் கேம்பிலிருந்து நேரடியாகக் குழாயில் கொண்டுவருகிற திட்டத்தால் நிலைமை மாறும் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. நான் இருந்த காலத்தில் கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற நாளில் கல்யாண வீட்டுக்குக்கூடப் போக மாட்டோம். 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது உள்ளே வந்த புறநகர்ப் பகுதிகளில் பாடு இன்னும் அதிகம்.

அடுத்தது நெரிசல். வைகையின் வடகரையிலிருந்து தென்கரைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கோரிப்பாளையத்தில்தான் வந்து சேருவார்கள். அங்கிருந்து ஆற்றைத் தாண்டுகிற ஏ.வி. பாலம் 1889-இல் திறந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் ஊர் முழுக்கவே தெருவில்தான் இருக்கும். அந்த நாட்களை நான் இன்றைக்கும் ஏங்கி நினைக்கிறேன். ஆனால் அந்த வாரத்தில் பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அண்ணா நகரிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போக நாங்கள் பட்ட பாடும் மறக்கவில்லை.

வெயிலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரே வரி: சித்திரை, வைகாசியில் இரண்டு ஊரும் ஒன்றுதான், 40 டிகிரிக்குக் குறைவாக எதிர்பார்க்காதீர்கள். திருச்சியில் ஆற்றங்கரைப் பக்கம் வீடு அமைந்தால் சாயங்காலக் காற்று கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

வீடு பிடிக்கும்போது

இந்த அளவு ஊர்களில் ஊரைவிடத் தெரு முக்கியம். சென்னையில் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாமல் பத்து வருடம் இருந்துவிடலாம். இங்கே முதல் நாளே தெரிந்துவிடும், உங்களைப் பற்றியும் தெரிந்துகொள்வார்கள். வீட்டுக்காரர் கேட்கிற கேள்விகளுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எத்தனை பேர், என்ன வேலை என்பதில் தொடங்கி "சைவமா, அசைவமா" என்று வந்து, அதற்கும் பின்னால் இருக்கிற கேள்வியில் போய் நிற்கும். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எனக்கு இது நடந்தது. மதுரையிலும் ஒரு வீட்டு வாசலில் நடந்தது. அட்வான்ஸ் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடி திரும்பிய அந்த மத்தியானம் இன்றைக்கும் வலிக்கிறது. இரண்டு ஊரையும் உயிராக நேசிக்கிற நான் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்ரீரங்கம் என்றால் வயதானவர்களுக்குச் சொர்க்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடந்து போகிற தூரத்தில் கோயில், அம்மா மண்டபம், கடைகள், திண்ணையில் உட்கார்ந்து பேச ஆள். எல்லாம் உண்மை. ஆனால் பழைய வீடுகளில் வாசலுக்கே நான்கைந்து படி, உள்ளே போகப் போக ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாசற்படி. முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயே மலையேற வேண்டியிருக்கும். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவர முடியாது. தில்லைநகரும் புத்தூரும் வசதி, வாடகை கூடுதல். கே.கே. நகர் அமைதி, தெருக்கள் அகலம், தரைத்தள வீடுகள் கிடைக்கும். நான் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 13,000 கொடுக்கிறேன். திருவெறும்பூர் பக்கம் இன்னும் குறையும், ஆனால் எல்லாவற்றுக்கும் தஞ்சாவூர் ரோட்டில் பஸ் ஏற வேண்டும்.

மதுரையில் அண்ணா நகரும் கே.கே. நகரும் மாட்டுத்தாவணிக்குப் பக்கம், ஆஸ்பத்திரிகளும் பக்கம், ஆனால் வண்டிச் சத்தம் ஓயாது. ஐயர் பங்களா, நாராயணபுரம் பக்கம் புது வீடுகள் நிறைய வருகின்றன. நத்தம் சாலையில் 2023-இல் திறந்த பறக்கும் பாலத்தால் அந்தப் பக்கம் போய்வருவது சுலபமாகிவிட்டது. தென்மேற்கே திருநகர். முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப் என்று எண் வைத்துப் பிரித்த நேரான தெருக்கள், மரங்கள், பக்கத்தில் திருப்பரங்குன்றம். பெரியார் நிலையத்திலிருந்து ஓயாமல் பஸ். தண்ணீருக்கு மட்டும் கஷ்டம்.

என் தீர்ப்பு

இரண்டு ஊரிலும் வேர் இல்லாத ஒரு குடும்பம், வீட்டில் வயதானவர், சென்னைக்கு அடிக்கடி போக வேண்டிய வேலை என்று யாராவது என்னிடம் கேட்டால் திருச்சி என்றுதான் சொல்வேன், தயக்கமில்லாமல். தண்ணீர், தூரம், ரயில் மூன்றும் தினசரி வாழ்க்கையின் முதுகெலும்பு, மூன்றிலும் திருச்சி ஜெயிக்கிறது. தொழில் செய்கிறவர்கள், கடை வைக்க நினைக்கிறவர்கள், தென்மாவட்டத்துக்கான உயர் நீதிமன்றக் கிளை 2004-இல் வந்ததிலிருந்து அங்கே வேர் பிடித்திருக்கிற வழக்கறிஞர்கள், ராத்திரியை விரும்புகிறவர்கள் ஆகியோருக்கு மதுரை.

ஆனால் தம்பி குடும்பத்துக்கு வந்தபோது நான் முதலில் சொன்ன கணக்கையே போட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க வீட்டில் இருக்கப்போவது அம்மா. அதனால் அம்மாவிடமே போன் செய்து கேட்டேன். ஒரு பதிலும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "திருச்சியில உன்னைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்?" என்றார்கள்.

அம்மா பிறந்தது மானாமதுரை. சித்தி திருநகரில் மூன்றாவது ஸ்டாப் பக்கம் இருக்கிறாள். சித்தப்பா போன பிறகு அவளும் பகலெல்லாம் தனியாகத்தான் இருக்கிறாள். மானாமதுரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் மதுரைக்கு வந்துவிடலாம் என்பதால் பெரியம்மா மகன்கள், பழைய தெருக்காரர்கள் என்று யாராவது ஆஸ்பத்திரிக்கோ ஜவுளிக்கோ வந்துகொண்டே இருப்பார்கள். வந்தால் எட்டிப் பார்க்காமல் போக மாட்டார்கள். தம்பி மகள் பேசுகிற சென்னைத் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள், அவள் ஆறு மாதத்தில் "அங்கிட்டு, இங்கிட்டு" என்று பேசத் தொடங்கிவிடுவாள்.

தம்பிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் கூடும். வந்தே பாரத் என்றாலும் எழும்பூருக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறை போய் மூன்று நாளையும் ஒரேயடியாக முடித்துவிட்டு, பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியும்போது மதுரை. அவனுக்கு அது சரி என்றுதான் படுகிறது. அவன் மனைவிக்குத்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இந்த முடிவில் அதிகம் விட்டுக்கொடுப்பவள் அவள்தான். அதனால் வேலை உறுதியாகிற வரைக்கும் சென்னை வீட்டைக் காலி பண்ண வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

போன வாரம் திருநகரில் சித்தியோடு போய் மூன்று வீடு பார்த்தேன். ஒன்று முதல் மாடி, பார்க்கும்போதே வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டாவதில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாவது தரைத்தளம், வாசலில் ஒரே படி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துத் தர வீட்டுக்காரம்மா சம்மதித்துவிட்டார். தரைக்கடியில் பெரிய தொட்டி இருக்கிறது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள் என்று தெருவில் மூன்று வீட்டில் கேட்டேன், மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள். சித்தியை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ்.